யாரும் தொடக்கூடாத கார்னெட்டு

திண்டிவனம் பேண்டு மாஸ்டர் சவரிராயன், விழுப்புரம் கோதண்டபாணிக்கு அறுபத்தெட்டு ரூபாய் கடன்பட்டிருந்தார். கைமாற்று அல்ல, வட்டிக்கு வாங்கியதும் அல்ல. தையில் தொடங்கி ஆனி வரை ஒரு முகூர்த்தக் காலம் முழுக்கக் கோதண்டபாணி கன்னம் வலிக்க ஊதிச் சம்பாதித்த பங்கு அது. முப்பத்தெட்டாம் வருஷம் ஆடி பிறந்த அன்று மாஸ்டர் அதைப் பிடித்துக்கொண்டார். நாற்பத்தேழாம் வருஷம் மாசியில் கண்ணை மூடினார். நடுவில் ஒரு தம்பிடி வரவில்லை.

செத்தவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல வேண்டும் என்பது ஊர் வழக்கம். சவரிராயனைப் பற்றிச் சொல்ல ஆளுக்கா பஞ்சம்? இந்தப் பக்கம் வானூர் வரைக்கும், அந்தப் பக்கம் பனமலை வரைக்கும், வாயில் பித்தளை வைத்து ஊதுகிறவன் எவனைக் கேட்டாலும் கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் ஆரம்பிப்பான். அந்த வேலையை அவர்களிடமே விட்டுவிடலாம். இது கோதண்டபாணி பக்கத்துக் கதை.

மாஸ்டரின் முப்பதாம் நாள் பூசைக்குக் கோதண்டபாணியை யாரும் அழைக்கவில்லை. அவனாகத்தான் கிளம்பினான். கறுப்புக் கோட்டு, கையில் கடியாரம், காலில் பூட்சு. விழுப்புரம் ஜங்ஷனில் அவனைத் தெரியாத போர்ட்டர் கிடையாது. அதே ஜங்ஷனில், என்ஜின் ஷெட்டில், ஒரு காலத்தில் கரி அள்ளியவன். இன்று இரண்டு பேண்டு செட்டுக்குச் சொந்தக்காரன். ஒரே முகூர்த்தத்தில் பண்ருட்டிக்கு ஒரு செட்டும் செஞ்சிக்கு ஒரு செட்டும் அனுப்புகிறவன். அப்பன் வைத்துவிட்டுப் போனது ஒரு மண்வெட்டி, அதற்கும் காம்பு கிடையாது. மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்காதவன் ஓட்டு வீடு கட்டினான் என்றால் சும்மா இல்லை.

விக்கிரவாண்டியில் முருகையன் ஏறினான். மாஸ்டர் செட்டில் பெரிய டிரம் அடிக்கிறவன். அந்தக் காலத்தில் கோதண்டபாணிக்குப் பக்கத்தில் நடந்தவன்.

"இன்னாண்ணே, கோட்டெல்லாம் மாட்டிக்கினு? பொண்ணு பாக்கப் போறியா?"

"முப்பதாம் நாளுக்குப் போறேன்."

முருகையன் பக்கத்தில் உட்கார்ந்தான். "சாவுக்கு வரல. இப்ப இன்னாத்துக்கு?"

"பாக்கி வாங்க."

"செத்தவங்கிட்ட பாக்கி கேக்கப் போற மொத ஆளு நீதாண்ணே."

"செத்தது அவரு. செட்டு சாவல. என் காசுல வாங்குன டிரம்முதான உன் வயித்துல தொங்கிக்கினு இருக்குது?"

முருகையன் சிரித்துவிட்டான். சிரித்ததற்குத் தானே வெட்கப்பட்டு, "அங்க வந்து பேஜாரு பண்ணாத. அடி விழும்," என்றான்.

"யாரு அடிப்பாங்க? பூமாலையா? அவன் ஊதுற ஊத்துக்கு விளக்குகூட அணையாது."

சவரிராயன் பரங்கிமலைப் பட்டாளத்து பேண்டில் இருந்தவர். வெள்ளைக்காரன் கொடுத்த கார்னெட்டு என்ற பித்தளை ஊதுகுழலோடு திண்டிவனத்துக்குத் திரும்பி வந்தார். கல் உடைக்கிறவன், மல்லாட்டைக் கடலை மூட்டை தூக்குகிறவன், ஏர் ஓட்டப் போகிறவன் என்று பத்துப் பன்னிரண்டு பேரைச் சேர்த்து பேண்டு கற்றுக்கொடுத்தார். காசு வாங்கவில்லை. எழுத்துத் தெரியாதவனுக்குச் சீட்டி அடித்தே பாட்டைக் காதில் ஏற்றினார். பசியோடு வந்தவனுக்குக் கேப்பைக் கூழ் ஊற்றிவிட்டுத்தான் வாத்தியத்தைக் கையில் கொடுத்தார். செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டிய தெருக்களில், சிவப்புக் கோட்டும் பூட்சும் போட்டு, நடுத்தெருவில், நெஞ்சை நிமிர்த்தி அந்த ஆட்களை நடக்கவிட்டார். கல்யாண வீட்டுக்காரன் முறைத்தால், "பேண்டுன்னா பூட்சு உண்டுங்க. பூட்சு வேணாம்னா பேண்டும் வேணாம்," என்பார். இதைக் கோதண்டபாணியும் மறுக்கமாட்டான். மறுத்தால் அவன் காலில் இருக்கும் பூட்சே அவனைக் கடிக்கும்.

ஆனால் அவர் நாக்குக்கு எலும்பு கிடையாது. தாளம் தப்பினால் குச்சியால் தலையில் போடுவார். அந்த அடியைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அவர் ஏச்சு இருக்கிறதே, அது பத்து நாளைக்குச் சோற்றோடு சேர்ந்து இறங்கும்.

கோதண்டபாணி கரி வேலையை விட்டுவிட்டு அவரிடம் வந்தபோது வயது இருபது. மற்றவர்கள் இரண்டு வருஷம் தவித்ததை ஆறே மாதத்தில் பிடித்துக்கொண்டான். அதனால்தான் மாஸ்டரின் கார்னெட்டைத் துடைத்து எண்ணெய் போடும் வேலை அவனுக்குக் கிடைத்தது. கார்னெட்டில் விரலால் அமுக்குவதற்கு மூன்று பிஸ்டன் உண்டு. உருளை உருளையாகக் கழற்றித் துடைத்து, எது எந்தக் குழியில் இருந்ததோ அதில்தான் திரும்பப் போட வேண்டும். மாறிப் போனால் காற்று போகும் வழி அடைத்துக்கொண்டு வாத்தியம் ஊமையாகிவிடும். கோதண்டபாணி அவற்றை விரலால் தடவி, துளை இருக்கும் இடத்தை வைத்து அடையாளம் கண்டுபிடிப்பான். ஒரு நாளும் தப்பியதில்லை. மாஸ்டருக்குத்தான் பொறுக்கவில்லை.

"அதுங்க தலையில ஒண்ணு ரெண்டு மூணுன்னு வெள்ளக்காரன் வெட்டி வச்சிருக்கான். அதைப் பாத்துப் போடுடா. கன்னுக்குட்டியத் தடவற மாதிரி தடவிக்கினு இருக்க."

சுவரில் கரித்துண்டால் மூன்று எண்ணையும் எழுதிக் காட்டினார். கோதண்டபாணி அதையும் கற்றுக்கொண்டான். அவன் வாழ்நாளில் படித்த படிப்பு அதுதான்.

முப்பத்தெட்டாம் வருஷம் ஆனியில், காலத்தின் கடைசி முகூர்த்தம், மல்லாட்டை மண்டி முதலாளி ஒருவர் வீட்டுக் கல்யாணம். அதற்கு இரண்டு நாள் முன்னால் மாஸ்டர் பிஸ்டன்களைக் கடைத்தெருவில் பித்தளை வேலை செய்யும் கன்னாரிடம் கொடுத்துக் களிம்பு நீக்கி வாங்கினார். தேய்ந்துபோயிருந்த எண்களையும் புதிதாக வெட்டச் சொன்னார். பளபளவென்று வந்தன. கல்யாணத்தன்று காலையில் கோதண்டபாணி எண்ணெய் போட்டு, மாஸ்டர் சொல்லிக்கொடுத்தபடியே, தடவிப் பார்க்காமல், எண்ணைப் பார்த்துப் போட்டான்.

சீர்வரிசைத் தட்டுகள் கிளம்பின. எதிர்ப்பக்கம் மாப்பிள்ளை வீட்டார் பாண்டிச்சேரியிலிருந்து பேண்டு கொண்டுவந்திருந்தார்கள். டிரம் ஒலித்தது. மாஸ்டர் கார்னெட்டைத் தூக்கி வாயில் வைத்து ஊதினார். புஸ்ஸென்று காற்றுதான் வந்தது. திரும்ப ஊதினார். அதே புஸ்ஸு. பாண்டிச்சேரிக்காரர்கள் சிரித்தார்கள். மண்டி முதலாளியின் சம்பந்தி, "வாத்தியாருக்குப் பல்லு கொட்டிப்போச்சா?" என்று கேட்டார்.

மாஸ்டர் ஒரு வண்டிக்குப் பின்னால் போய்ப் பிஸ்டன்களைக் கழற்றினார். மாற்றிப் போட்டார். ஊதினார், பேசியது. அப்படியே வந்து, அத்தனை பேர் முன்னால், தட்டுத் தூக்கி நின்ற பெண்கள் முன்னால், கோதண்டபாணியைக் கன்னத்தில் அறைந்தார்.

"ரெண்டையும் மூணையும் மாத்திப் போட்டிருக்கான், முட்டாப்பய."

"நம்பரைப் பாத்துத்தான் மாஸ்டர் போட்டேன்."

"உனக்கு நம்பர் தெரியுமாடா?"

தெரு முழுக்கச் சிரிப்பு. எட்டாவது வரை படித்த பூமாலை, செட்டில் இரண்டாவது கார்னெட்டு வாசிப்பவன், "ரெண்டுமூணு" என்றான். அன்று ஒட்டிய பெயர் அது. கோதண்டபாணி என்று சொன்னால் திண்டிவனத்தில் யாருக்கும் தெரியாது. ரெண்டுமூணு கோதண்டம் என்றால் தெரியும்.

பேண்டுக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. கையில் காசு கொடுத்தால் கள்ளுக்கடைக்குப் போய்விடும் என்று, தை முதல் ஆனி வரை எல்லார் பங்கும் மாஸ்டரின் பெட்டியில் இருக்கும். ஆடியில் கல்யாணம் கிடையாது. ஆடி பிறந்ததும் உட்கார்ந்து கணக்கு முடிப்பார்கள். அந்த ஆடியில் ஒவ்வொருவனும் காசை மடியில் கட்டிக்கொண்டு எழுந்தான். கோதண்டபாணி முறை வந்தபோது மாஸ்டர் பெட்டியை மூடினார்.

"மண்டிக்காரரு குறைச்சுக் குடுத்தது அம்பது ரூவா. அது உன் கணக்கு."

"என் பங்கு அறுபத்தெட்டு ஆச்சுங்களே. மீதி பதினெட்டு?"

"அது செட்டோட மானத்துக்கு."

கோதண்டபாணி அன்றைக்கே விழுப்புரம் வந்துவிட்டான். மறுபடியும் கரி அள்ளினான். கண்டமங்கலத்தில் ஓர் உடைந்த கார்னெட்டை வாங்கிப் பற்றவைத்து ஊதினான். சுடுகாட்டுக்கும் ஊதினான், கோயிலுக்கும் ஊதினான், எலெக்ஷன் ஊர்வலத்துக்கும் ஊதினான். யுத்தத்தில் பித்தளை விலை ஏறியபோது மற்றவர்கள் வாத்தியத்தை விற்றுத் தின்றார்கள். அவன் வாங்கினான். அப்படி வந்ததுதான் இரண்டு செட்டு. ஆனாலும் திண்டிவனம் பக்கத்தில் ஒரு கல்யாணம் பிடிக்கப் போனால், யாராவது ஒருவன் பெண் வீட்டுக்காரர் காதைக் கடிப்பான்: "ரெண்டுமூணு செட்டுங்களா? பாத்துக்குங்க, வாத்தியம் ஊமையாயிடும்." அட்வான்ஸ் திரும்பிப் போகும். இரண்டு செட்டு வைத்திருப்பவன் பெயர், இரண்டு எண் தெரியாதவன்.

நாற்பத்திரண்டில் அவன் தன் கார்னெட்டின் பிஸ்டன்களை விழுப்புரத்தில் ஒரு கன்னாரிடம் கொடுத்தான். கன்னார் உளியை எடுத்து வைத்துக்கொண்டு கேட்டார்: "எதுல எந்த நம்பர் வெட்டணும்? நீ சொன்னாத்தான் எனக்குத் தெரியும். எனக்கு மூணும் ஒரே குழாதான்."

கோதண்டபாணிக்கு அங்கேயே விளங்கிவிட்டது. திண்டிவனத்துக் கன்னாரும் தெரியாமல் இரண்டு இருக்க வேண்டிய தலையில் மூன்றையும், மூன்று இருக்க வேண்டிய தலையில் இரண்டையும் வெட்டியிருக்கிறான். எண்ணைப் பார்த்துப் போட்டவன் மேல் குற்றமில்லை. வண்டிக்குப் பின்னால் கழற்றி மாற்றியவர் அந்த எண்ணைப் பார்த்தாரா, பார்க்கவில்லையா? அன்று அவசரத்தில் பார்க்காமல் இருந்திருக்கலாம். அடுத்த நாள் பார்த்திருப்பார் அல்லவா?

அன்று சாயங்காலமே ரயிலேறிப் போனான். மாஸ்டர் வாசலில் பல் குத்திக்கொண்டிருந்தார்.

"கார்னெட்டைக் கழட்டிக் காமிங்க மாஸ்டர். கன்னாரு நம்பரை மாத்தி வெட்டிட்டான். உங்களுக்கு அது தெரியும்."

மாஸ்டர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். முகம் கறுத்தது. "என் கார்னெட்டை எவனும் தொடக்கூடாது. போடா," என்று எழுந்து கதவைச் சாத்திக்கொண்டார். அந்தக் கதவுச் சத்தத்திலேயே கோதண்டபாணிக்குப் பதில் கிடைத்துவிட்டது. ஆனால் கதவுச் சத்தத்தைக் கொண்டுபோய் ஊரில் சாட்சி சொல்ல முடியுமா?

அந்தக் கல்யாணத்துக்குப் பிறகு மாஸ்டர் தன் கார்னெட்டை ஒருவனையும் தொடவிடவில்லை. துடைப்பதும் அவரே, எண்ணெய் போடுவதும் அவரே. ஊர் அதையும் பக்தியாக்கிவிட்டது. பெற்ற பிள்ளையை மாதிரி வைத்திருக்கிறார் என்றார்கள்.

இப்போது அவர் இல்லை. கார்னெட்டை வேறொருவன் தொட்டாக வேண்டும். கோதண்டபாணி கோட்டு மாட்டிக்கொண்டு ரயிலேறியது இதற்காகத்தான்.

மாஸ்டர் வீட்டு வாசலில் முப்பது நாற்பது பேர் சிவப்புக் கோட்டோடு நின்றார்கள். மாஸ்டரின் மனைவி லூர்துமேரி அவனைப் பார்த்ததும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நேராக வந்தாள்.

"மண்ணு போட வராதவன் எதுக்குடா வந்த?"

"பாக்கி இருக்குதும்மா."

"உன் பாக்கியோட போயி ரயில்ல விழு. பூசை நடக்கற வீடு இது."

பூமாலை ஒரு பலகையில் உட்கார்ந்து மாஸ்டரின் கார்னெட்டைக் கழற்றிக்கொண்டிருந்தான். செத்தவரின் வாத்தியத்தை முப்பது நாள் ஊதக்கூடாது, முதல் மூச்சு கல்லறையில்தான் என்பது அவர்கள் வழக்கம். ஆகவே சும்மா கிடந்து பிஸ்டன்கள் பிடித்துக்கொண்டிருந்தன. பூமாலை நிமிர்ந்து, "ரெண்டுமூணு வந்திருக்காரு. கார்னெட்டை மறைச்சு வைங்கப்பா," என்றான். நாலு பேர் சிரித்தார்கள்.

"நான் தொடல. நீயே நல்லா எண்ணெய் போடு," என்றான் கோதண்டபாணி. "நம்பரைப் பாத்துப் போடு."

"யாருக்குச் சொல்ற? நான் எட்டாவது பாஸ்."

ஒன்று, இரண்டு, மூன்று என்று பூமாலை எண்ணைப் பார்த்துக் குழியில் இறக்கினான். கோதண்டபாணி பக்கத்தில் நின்று கண் கொட்டாமல் பார்த்தான். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. சொல்லாததற்கு அவன் இன்றுவரை வருத்தப்பட்டதும் இல்லை.

பூசை முடிந்து எல்லாரும் கல்லறைக்குப் போனார்கள். சாமியார் ஜெபம் சொல்லி முடித்தார். ஒவ்வொருவனாக வந்து மாஸ்டரைப் பற்றிப் பேசினான். கூழ் ஊற்றியதைச் சொன்னார்கள். பூட்சு கதையைச் சொன்னார்கள். முருகையன் மூக்கைச் சிந்திக்கொண்டே, "அந்தக் கார்னெட்டைக் கட்டின பொண்டாட்டியக்கூடத் தொட விடமாட்டாருங்க," என்றான். கோதண்டபாணி பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான்.

பூமாலை முன்னால் வந்தான். சிலுவை போட்டுக்கொண்டான். கார்னெட்டைத் தூக்கி ஊதினான்.

புஸ்.

உதட்டை ஈரப்படுத்திக்கொண்டு மறுபடி ஊதினான். கழுத்து நரம்பு புடைத்தது. காற்றுதான் வந்தது.

பின்னாலிருந்து ஒருத்தி, "அவரு மூச்சோட அதுவும் போயிடுச்சு," என்றாள். பிடித்துக்கொண்டது கூட்டம். மாஸ்டர் இல்லாமல் அது பேசாதாம். வேறு வாய்க்கு அது மசியாதாம். பெண்கள் அழத் தொடங்கினார்கள். கிழவன் ஒருவன் முழங்காலில் விழுந்தான். இன்னும் ஒரு நாழிகை விட்டால் அந்தக் கார்னெட்டுக்குக் கோயில் கட்டி மெழுகுவர்த்தி ஏற்றியிருப்பார்கள்.

கோதண்டபாணிக்கு உச்சி கொதித்தது. அந்த ஆள் செய்த தப்பு செத்த பிறகும் அந்த ஆளுக்கே புகழாகிறதா?

கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் பூமாலை கையிலிருந்து கார்னெட்டைப் பிடுங்கினான். நாலு பேர் பாய்ந்தார்கள். ஒருவன் அவன் கோட்டுக் காலரைப் பிடித்தான்.

"வுடுங்கடா. அவன் இன்னா செய்றான்னு பாக்கறேன்," என்றாள் லூர்துமேரி.

கோதண்டபாணி இரண்டாவதையும் மூன்றாவதையும் கழற்றினான். தலையைப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினான், பழையபடி. குழி மாற்றி இறக்கித் திருகினான். பூமாலை கையில் திணித்தான்.

"ஊது."

பூமாலை ஊதினான். கல்லறை மரங்களில் இருந்த காக்கை எல்லாம் கிளம்பும்படி ஒரு ஸ்வரம் எழும்பியது. கணீரென்று, மாஸ்டர் ஊதினால் எப்படியோ அப்படி. கோதண்டபாணியின் உதடும் தன்னை அறியாமல் குவிந்தது. அதை உணர்ந்ததும் அவனுக்குக் கோபம் இன்னும் ஏறியது. கார்னெட்டைத் திரும்பப் பிடுங்கி, மூன்றாவது குழியிலிருந்து பிஸ்டனை உருவி, பூமாலை மூக்குக்கு நேரே நீட்டினான்.

"இது மூணாவது குழியில இருந்தது. எல்லாரும் பாத்தீங்க. தலையில இன்னா வெட்டியிருக்குது? படி. நீ எட்டாவது பாஸு."

பூமாலை பார்த்தான். உதடு மட்டும் அசைந்தது.

"சத்தமா படி."

"ரெண்டு," என்றான் பூமாலை.

"கன்னாரு மாத்தி வெட்டினான். நான் நம்பரைப் பாத்துப் போட்டேன். இன்னிக்கு நீயும் நம்பரைப் பாத்துப் போட்ட. உன்னை யாரும் அறையல. அவரு இத்தினி வருசமா எவனையும் தொடவிடாதது பக்தி இல்ல. பயம். பொய்க்குச் சாம்பிராணி போடாதீங்க."

"செத்த மனுசன் மேல இப்படிப் பேசறியே, நீ உருப்படுவியாடா?" என்று ஒருவன் கத்தினான்.

"உருப்பட்டுத்தான் வந்திருக்கேன். என் கோட்டைப் பாரு."

பூமாலை சமாளித்துக்கொண்டு, "சரி, ஆச்சு. அதைப் போட்டுக் குடு. பாட்டு வாசிக்கணும், சாமியார் நிக்கறாரு," என்றான்.

கோதண்டபாணி பிஸ்டனை இடது கையில் இறுக்கிக்கொண்டான். வலது கையை விரித்து நீட்டினான். "பாட்டு அப்புறம். அறுபத்தெட்டு."

கல்லறைத் தோட்டமே பதறியது. அடிக்கக் கை ஓங்கினார்கள். முருகையன் மட்டும் டிரம்மைப் பார்த்துக்கொண்டு நின்றான். லூர்துமேரி சிலுவைப் பக்கம் திரும்பி, அங்கே படுத்திருப்பவரிடம் கேட்பதைப்போல வெகுநேரம் பார்த்தாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"பூமாலை, செட்டுப் பணம் உங்கிட்டதான இருக்குது? எடு."

"அம்மா, அடுத்த முகூர்த்த அட்வான்ஸு அது..."

"எடுறான்னா. இவரு கடனோட மண்ணுக்குள்ள கிடக்க வேணாம்." கோதண்டபாணி பக்கம் திரும்பினாள். கண்ணில் நெருப்பு. "வாங்கிக்கினு, அதைப் போட்டுக் குடுத்துட்டுப் போயிடு. நான் செத்தாலும் என் வாசப்படி மிதிக்காத."

"மிதிக்கமாட்டேன்."

பூமாலை மடியை அவிழ்த்து, நோட்டுகளைச் சுருட்டினபடியே நீட்டினான்.

"அப்படி இல்ல," என்றாள் லூர்துமேரி. "எண்ணிக் குடு. சத்தமா எண்ணு. இவன் பேரு போனதும் சத்தமாத்தான் போச்சு."

பூமாலை எண்ணத் தொடங்கினான். பத்து ரூபாய் நோட்டுகள் முதலில், ஒன்றின்மேல் ஒன்றாக, விரித்த அந்தக் கையில் விழுந்தன. அறுபது ஆனதும் நோட்டுத் தீர்ந்தது. மடியைத் துழாவி ஒற்றை ரூபாய்களை எடுத்தான். சாமியார் ஜெபப் புத்தகத்தை மூடிக்கொண்டு நின்றார். கரி அள்ளிக் காய்ந்த கை விரித்தபடியே இருந்தது.

"அறுபத்தாறு," என்றான் பூமாலை. "அறுபத்தேழு." கடைசி ரூபாயை வைத்தான். "அறுபத்தெட்டு."